மாத்தளைக்கு வந்த கடல்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சிவநந்தினியைக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு அழுதபடி விட்டுவந்தோம். இந்த வாரம் குழாய் மூடியாகிவிட்டது. ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் அழுவாள்? மாமனார் ராமநாதன் வேறு வெளியில் நின்று, "தண்ணி டாங்கி காலியாகுது தாயி" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

அழுகைக்குக் காரணம் இரும்பு.

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வருஷக்கணக்காக, துருப்பிடிக்காத பூச்சு ஒன்று செய்கிறேன் என்று தவம் கிடந்தவள் அவள். இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மேடுகளை எழுப்பிவிடும் பூச்சு. மேடுகளுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். மழைத்துளி வந்தால் காற்றின் மேல் உருண்டு ஓடிவிடும், இரும்பைத் தொடாது. சேம்பிலை செய்கிற வேலைதான். சேம்பிலைக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை, இவளுக்குக் கொடுத்தார்கள்.

கடைசிப் பரீட்சை திறந்தவெளியில். மாத்தளையில் புகுந்த வீட்டின் மொட்டைமாடியில் சட்டம் ஒன்று அடித்து, விரல் நீள இரும்புத் தகடுகளைச் சாய்வாகக் கட்டி வைத்தாள். பாதித் தகடுகளில் அவளுடைய பூச்சு, மறுபாதி வெறும் இரும்பு. மழைக்காலம் முடிந்து இறக்கிப் பார்த்தால், வெறும் தகடுகளில் லேசான செம்பட்டை. பூச்சு அடித்தவற்றில் அம்மை வார்த்த முகம் மாதிரிக் குழி குழியாகத் துரு.

பூசாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு விஞ்ஞானியிடம் சொல்லக்கூடாத வசனங்களில் இது முதலாவது.

பேராசிரியை சந்திரகாந்தா அதைச் சொல்லவில்லை. "அடுத்த தரம் பார்ப்போம் நந்தினி" என்றார். ஜப்பானில் மூன்று வருஷம் இருந்து அந்தப் பூச்சைத் தொழிற்சாலை அளவில் செய்து பழகும் இடம் இனி வேறொருவருக்கு. லக்கல பக்கம் யானை வேலிக் கம்பங்களுக்கு அதைப் பூசும் திட்டமும் அவ்வளவுதான். சனிக்கிழமை பின்னேரம் புதுப் பெயரை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அன்றிரவு புருஷன் அஜந்தன் கொத்து ரொட்டி வாங்கிவந்து, அவள் தட்டில் அவனே போட்டு, "துருதானே, விடு. நம்ம கடையே அதை நம்பித்தான் ஓடுது" என்றான். அஜந்தனுக்கும் அப்பாவுக்கும் மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை. சிவநந்தினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். இப்படி ஒருவன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு சனிக்கிழமை காலை வரை உயிரோடு இருந்தது.

*

"ஏன்டி, மாத்தளைக்கு எப்ப கடல் வந்துச்சு?"

போனில் நிப்லா. ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரி. வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"காலையிலயே ஆரம்பிச்சிட்டியா? இங்க பைப்புல தண்ணியே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது."

"பகிடி இல்ல சிவா. உன்ட தகட்டை மெடம் வீசச் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல்ல. மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பார்த்தேன். துருக் குழிக்குள்ள உப்பு இரிக்கி."

"என்ன உப்பு?"

"சோத்துக்குப் போடுற உப்பு. கடற்கரையில வச்ச தகடுன்னா சரின்னு விட்டிருப்பேன். உங்க ஊருல இருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரைநாள் வேணும்."

சிவநந்தினி மாடிப்படியில் உட்கார்ந்தாள். "வெறும் தகட்டுல?"

"அங்கதான் கதை. வெறும் தகட்டுல ஒரு பொட்டு உப்பு இல்ல. உன்ட பூச்சு அடிச்சதுல மட்டும்தான்." நிப்லாவின் குரல் இறங்கியது. "இன்னொன்னும் சொல்லணும். துரு தின்னாத ஓரத்துல பார்த்தேன். உன்ட மேடெல்லாம் சாஞ்சு கிடக்குது. மழை அடிச்சா அங்கொண்ணு இங்கொண்ணு சாயும். இது எல்லாம் ஒரே பக்கமா. ஈரத் துணியால அழுத்தித் தேய்ச்ச மாதிரி."

படியின் கீழே, சமையலறையில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மெடத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

"உனக்குத்தான் முதல்ல. அவங்க பின்னேரம் உனக்குக் கோல் எடுப்பாங்க, பெயரை அனுப்ப முந்தி. யாரோ கை வச்சிருக்காங்க, டெஸ்ட் செல்லாதுன்னு சொல்லு. திருப்பி வைக்க விடுவாங்க. ஆனா யாருன்னு கேப்பாங்க. 'யாரோ'ன்னு நீ சொன்னா, தோத்தவ சாக்கு சொல்றான்னுதான் ஆகும். கண்டுபிடிடி."

கண்டுபிடிக்க அவ்வளவு பெரிய ஊரா அது. மொட்டைமாடிக் கதவுக்கு ஒரே சாவி. அது சமையலறை ஆணியில் தொங்குகிறது. வீட்டில் மொத்தம் நாலு பேர்.

*

மாமியார் கமலாட்சியும் சிவநந்தினியும் மாமியார் மருமகள் என்று அக்கம்பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. இருவரும் சேர்ந்து டிராமா பார்ப்பார்கள். சேர்ந்து ராமநாதனின் சீனி போட்ட பிளேன்டித் தேத்தண்ணியை ஒளித்து வைப்பார்கள். தகடு கட்டிய நாளிலிருந்து கமலாட்சி மிளகாய் காயப்போடுவதைக்கூட மொட்டைமாடியின் எதிர் மூலைக்கு மாற்றிக்கொண்டவர். "அது எம்மருமகளோட பரீட்சை பேப்பர்" என்பார் வருகிறவர்களிடம்.

"அத்தை, மாடியில இருந்த தகட்டுல யாராச்சும் உப்பு போட்டாங்களா?"

திருவும் சத்தம் நின்றது.

கமலாட்சி திருவுபலகையிலிருந்து நிமிரவில்லை. தேங்காய்ப் பாதியை ஒரு சுற்றுத் திருப்பினார். பிறகு, "நான்தான் புள்ள" என்றார்.

"நீங்களா?"

"திருஷ்டி கழிச்சேன். வாறவன் போறவன் எல்லாம் ஜப்பானு ஜப்பானுன்னு வாய் பொளந்தானுங்க. கண்ணு பட்டுரும்னு உப்பைத் தண்ணியில கரைச்சு அந்தத் தகட்டு மேலயெல்லாம் தெளிச்சு விட்டேன். நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். நீ திட்டுறதுன்னா திட்டு."

சிவநந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதில் விக்கல்தான் வெளியே வந்தது. உலகத்தில் எந்த ஆய்வுகூடத்தின் விதிப் புத்தகத்திலும், 'மாமியார் திருஷ்டி கழித்தல்' என்ற தலைப்பு இருக்காது. மெடத்துக்கு இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கக்கூடத் தொடங்கிவிட்டாள். மெடம் முதலில் திட்டுவார், பிறகு சிரிப்பார், பிறகு திருப்பி வைக்கச் சொல்வார். எல்லாம் சரியாகிவிடும்.

"போங்க அத்தை," என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினவள், வாசற்படியில் நின்றுவிட்டாள்.

தெளித்தாரா?

அவள் மாடியேறி, பைக்குள் துணி சுற்றி வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்து வந்தாள். சட்டத்தில் கட்டாமல் மிஞ்சியது. பூச்சு அப்படியே இருந்தது. ஒரு கோப்பைத் தண்ணீரில் உப்பைக் கரைத்து மாமியார் முன்னால் நீட்டினாள்.

"இதுலயும் தெளிங்க அத்தை."

"இப்ப எதுக்குடி?"

"சும்மா. எனக்கும் திருஷ்டி கழியட்டும்."

கமலாட்சி விரலை நனைத்துத் தெளித்தார். துளிகள் தகட்டில் விழுந்தன, முத்து மாதிரி உருண்டன, ஓடித் தரையில் சிந்தின. தகடு காய்ந்து கிடந்தது. கமலாட்சி மறுபடி தெளித்தார். மறுபடியும் அப்படியே. கடைசியில் கோப்பையோடு கவிழ்த்தார். உப்புத் தண்ணீர் முழுக்க அவருடைய காலடியில் போய் நின்றது. தகட்டில் ஒரு சொட்டு ஒட்டவில்லை.

"உங்க தண்ணி என் தகட்டுல நிக்காது அத்தை. அதுக்குத்தானே அந்தப் பூச்சே செஞ்சேன்," சிவநந்தினி மெதுவாகச் சொன்னாள். "எல்லாத்துக்கும் தெளிச்சிருந்தா வெறும் தகட்டுலதான் உப்பு இருந்திருக்கும். இப்ப அதுல இல்ல. என்னோடதுல மட்டும் இருக்கு. யாரோ முதல்ல ஈரத் துணியால தேய்ச்சுப் பூச்சைக் கொன்னுட்டு, அப்புறம் உப்பு போட்டிருக்காங்க."

கமலாட்சி முந்தானையால் தரையைத் துடைக்கக் குனிந்தார். தரையைத் துடைக்கத் துணி வேறே இருந்தது.

தேய்த்தால் செத்துவிடும் என்பது கண்டியில் நாலைந்து பேருக்குத் தெரியும். மாத்தளையில் ஒருவருக்குத்தான் தெரியும். சட்டம் கட்டின அன்று கம்பி முறுக்கிக்கொடுத்தவன் கேட்டான், "அப்ப இதுக்குச் சாவே இல்லையா?" அவளும் பெருமையும் வெட்கமுமாகச் சொன்னாள், "மழை, வெயில், காத்து எல்லாம் தாங்கும். அழுத்தித் தேய்ச்சா மட்டும் தாங்காது. அதுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கல. யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க." அவன் யாரிடமும் சொல்லவில்லை. வாக்குத் தவறாதவன்.

"எப்ப பார்த்தீங்க அத்தை?"

"மழை தொடங்கின புதுசுல," கமலாட்சி தரையைப் பார்த்தே சொன்னார். "உப்புப் போத்தலைக் காணோம்னு தேடி மேல ஏறுனேன். நீ கண்டிக்குப் போயிருந்த. என்னைக் கண்டதும் அவன் மூஞ்சி செத்துப்போச்சு. யாருக்கும் ஒரு சேதமுமில்லம்மா, சொல்லிறாதீங்கன்னான்."

"அன்னைக்கு நான் அழுதப்ப முதுகைத் தடவிவிட்டீங்களே. அப்பவும் தெரியுமா?"

கமலாட்சி ஈர முந்தானையைப் பிழிந்தார்.

"அத்தை."

"அவன் என் வயித்துல பொறந்தவன்டி."

"சரி," என்றாள் சிவநந்தினி. "நான்?"

கமலாட்சி தேங்காயை எடுத்தார். திருவாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

*

சனிக்கிழமை பின்னேரம் ஹார்ட்வெயார் கடையில் கூட்டம். இரத்தோட்டை பஸ்ஸில் வந்தவர்கள் வாளியும் கூரைத்தகரமும் விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள். பழைய மின்விசிறி ஒன்று லொறி மலையேறுகிற சத்தத்தில் தலைக்கு மேல் சுற்றியது. காசுப் பெட்டிக்குப் பின்னால் ராமநாதன். கவுண்டரில் அஜந்தன். அவன் முன்னால் மசாலாக்கடை புஹாரி நானா, கேட்டுக்குப் பெயின்ட் வாங்க வந்தவர்.

"துரு வராத பெயின்டா குடுங்க தம்பி."

"வராதுன்னு எழுதித் தரமாட்டேன் நானா. லேட்டா வரும்."

"ஒங்கட மனுஷி அதுக்குத்தானே படிக்கிறாங்க. அவங்கட சாமான் எப்ப கடைக்கு வரும்?"

அஜந்தன் பதில் சொல்ல நிமிர்ந்தான். புஹாரி நானாவின் தோளுக்குப் பின்னால் மனைவி நிற்பதைக் கண்டான்.

"சிவா? என்ன இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

அந்த 'சாப்பிட்டியா' அவளைக் குத்தியது. கேட்டவன் நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"கொஞ்சம் உள்ள வாங்க."

பைப் அடுக்கின சந்துக்குள் போனார்கள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அழுகை வந்துவிடும், இன்றைக்குத் தண்ணீர் வரும் நாளும் இல்லை.

"எந்தத் துணியால தேய்ச்சீங்க?"

அஜந்தன் எதைத் தேய்த்தேன் என்று கேட்கவில்லை. அதிலேயே பாதி முடிந்துவிட்டது.

"அம்மா சொல்லிட்டாங்களா?"

"தகடு சொல்லிருச்சு. அம்மா உங்களுக்காகப் பொய்தான் சொன்னாங்க. நல்லாச் சொன்னாங்க. நான் ரெண்டு நிமிஷம் நம்பிட்டேன்."

அவன் ஒரு பைப்பின் நுனியை நகத்தால் சுரண்டினான். "மூணு வருஷம் சிவா."

"தெரியும். போன்னு சொன்னதே நீங்கதானே. நான் வேணாமேன்னு இழுத்தப்ப, பாஸ்போர்ட் போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போனது நீங்க. கடைக்கு வாற ஆளுக்கெல்லாம் சொன்னது நீங்க."

"ஆமா. சொல்லச் சொல்லத்தான் பயம் வந்துச்சு. திரும்பி வரமாட்டன்னு தோணிருச்சு. வந்தாலும், இந்த ஆணி விக்கிறவன்கிட்ட என்ன பேசுவ?"

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நின்னிருப்பேன்."

"அதான். நின்னிருப்ப," அவன் சட்டென்று சொன்னான். "நின்னுட்டு, சாகுற வரைக்கும் என்னாலதான் நின்னன்னு மனசுல இருக்கும். நீ வாயால சொல்லமாட்ட. எனக்குத் தெரியுமே. தகடு துருப்பிடிச்சு நின்னுட்டன்னா யார் மேலயும் பழி இல்லன்னு நெனச்சேன்."

சிவநந்தினி அவனையே பார்த்தாள். அவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். எல்லோருடைய பழியையும் கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறான்.

"யார் மேலயும் இல்லையா? என் மேல இருந்துச்சுங்க. அஞ்சு நாளா நான் எங்க பிழை விட்டேன்னு மண்டையை ஒடைச்சுக்கிட்டேன். எனக்கு இந்த வேலையே சரிவராதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க கொத்து வாங்கிட்டு வந்தீங்க."

"உன்னைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"அது உண்மைதான்னு தெரியும். அதான் உங்கள வெறுக்கவும் முடியல."

கையிலிருந்த போன் அதிர்ந்தது. சந்திரகாந்தா மெடம்.

அவள் சந்திலிருந்து வெளியே, கவுண்டர் வெளிச்சத்துக்கு வந்து போனைக் காதில் வைத்தாள். அஜந்தன் பின்னாலேயே வந்து, கவுண்டருக்கு உள்பக்கம் நின்றான்.

"நந்தினி, மெயில் ரெடியா இருக்கு. அனுப்பட்டுமா? அதுக்கு முந்தி நீங்க ஏதாவது சொல்ல இருக்கான்னு நிப்லா கேக்கச் சொன்னா. அவ முழிக்கிற முழி சரியில்ல."

"அனுப்பாதீங்க மெடம். அந்த டெஸ்ட் செல்லாது. தகட்டுல கை வச்சிருக்காங்க. தேய்ச்சு, உப்புப் போட்டிருக்காங்க. நிப்லாக்கிட்ட படம் இருக்கு."

"இது பெரிய பேச்சு நந்தினி. யாரு செஞ்சது?"

அஜந்தன் உதட்டை அசைத்தான். சத்தமே இல்லாமல், "சிவா, வேணாம்."

புஹாரி நானா பெயின்ட் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை மூன்றாம் தரம் வாசித்தார். ராமநாதன் மூக்குக்கண்ணாடியை இறக்கி மகனைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. என்னவோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

"யாரோன்னு சொல்லு," அஜந்தன் கிசுகிசுத்தான். "பூனை கீனை ஏறிருச்சுன்னு சொல்லு. அப்பா இருக்காரு. ஆளுங்க இருக்காங்க."

"எந்தப் பூனைங்க துணி நனைச்சுத் தேய்க்கும்?" அவளும் கிசுகிசுத்தாள்.

"நந்தினி, கேக்குதா?" மெடத்தின் குரல். "யாருன்னு தெரியாம நான் மேல ஒண்ணும் எழுத முடியாது. வெளியாளா?"

"இல்ல மெடம். வெளியாள் இல்ல."

சொல்லிவிட்டாள். இனி அடுத்த சொல் ஒரு பெயர். அதைச் சொன்னால், அவள் பரீட்சை அவளுக்குத் திரும்பும். சொன்ன பெயரோடு ராத்திரி ஒரே வீட்டுக்குத்தான் போகவேண்டும். அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்காக மாடியில் வெயிலில் நின்று கம்பி முறுக்கின அதே முகம். அவளுடைய நோவு இருக்கும் இடத்தை அறிந்து, சரியாக அங்கேயே கை வைத்த முகமும் அதுதான்.

பழி யார் மேலும் விழக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டவனுக்கு, இந்தப் பெயரையும் நானே சுமந்து கொடுக்க வேண்டுமா?

"ஒரு நிமிஷம் இருங்க மெடம்," என்றாள். "செஞ்சவரு பக்கத்துலதான் நிக்கிறாரு. குடுக்கிறேன்."

போனைக் கவுண்டருக்கு மேலால் நீட்டினாள்.

அஜந்தன் வாங்கவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை. இரத்தோட்டை ஆட்கள் விலை கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். "ஹலோ, யாரு பேசுறீங்க?" என்று போனுக்குள் மெடம் கேட்பது, மின்விசிறி இரைச்சலில் எறும்புக் குரலாக வந்தது.

கடைசியில் அவன் கை நீண்டது. போனை வாங்கி, காதில் வைக்காமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

ராமநாதன் காசுப் பெட்டியைப் பூட்டினார். எழுந்து, சுவரோரம் நடந்துபோய், மின்விசிறியை நிறுத்தினார்.